காற்று நின்றால் கொடியில் காயும் வேட்டி: மடக்கு டிகாய் அனுபவங்கள்

சஸ்காட்டூனிலிருந்து

போன அக்டோபரில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

முதலில் ஒரு பெயர்ச் சிக்கல். நாம் டக், கூஸ் இரண்டையும் வாத்து என்றே சொல்லிப் பழகியவர்கள். வேட்டைக்குப் போகிறவனுக்கு அது கட்டுப்படியாகாது. ஒரு நாளைக்கு எத்தனை சுடலாம் என்ற கணக்கே இரண்டுக்கும் வேறு. அதனால் டக்கை வாத்து என்றும் கூஸைக் கூஸ் என்றும் எழுதுகிறேன். டிகாய் என்பது அவற்றை இறங்க வைப்பதற்கான பொம்மை. பழந்தமிழில் இதற்கு ‘பார்வை’ என்றே சொல் உண்டு. காட்டு மானைப் பிடிக்கப் பழக்கிய மானைக் கட்டி வைத்தால் அது பார்வை மான். இங்கே உயிருள்ள பறவையைக் கட்டி வைக்கக் கூடாது. அமெரிக்காவில் 1935-லேயே தடை வந்துவிட்டது, கனடாவிலும் அதே கதைதான். எனவே பொம்மை.

என் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற விவசாயி. அவரிடம் ஒரு டிரெய்லர் நிறைய முழு உருவ டிகாய்கள் இருக்கின்றன. நானோ அபார்ட்மென்ட்காரன், இடமென்று இருப்பது பால்கனி ஒன்றுதான். அதனால் 2 டஜன் சிலுவெட், 4 டஜன் வின்ட்சாக் வாங்கினேன். சிலுவெட் என்றால் பெட்டி செய்யும் நெளி பிளாஸ்டிக் அட்டையில் இருபுறமும் கூஸ் படம் அச்சடித்து, கீழே ஒரு கம்பி. ஒரு டஜனை ஒரு கையில் பிடிக்கலாம். வின்ட்சாக் அதைவிட லேசு: தலை மட்டும் அட்டை, உடம்பு துணி மாதிரி ஒரு உறை. காற்று உள்ளே போனால் உப்பி, வாலை ஆட்டும். எல்லாம் மடங்கி ஒரே தோள்பைக்குள் போய்விட்டது. கடையிலிருந்து வந்த அன்று ஹாலில் விரித்துப் பார்த்தபோது என் மனைவி கேட்டது: “இதைப் பார்த்தா ஏமாறும்?”

வயல் பார்லி அறுத்த தாள் வயல். முந்தின நாள் பின்மாலையில் ஸ்நோ கூஸ் என்னும் வெள்ளைக் கூஸ் அங்கே இறங்கி மேய்வதைத் தூரத்திலிருந்து பார்த்து, நிலக்காரரிடம் அனுமதியும் வாங்கியாகிவிட்டது. மறுநாள் விடியற்காலை வரப்பு வழியெல்லாம் சேறு. டிரெய்லர் உள்ளே போகாது என்று பக்கத்து வீட்டுக்காரர் கையை விரித்துவிட்டார். முக்கால் கிலோமீட்டர் நடை. அன்றைக்கு என் பை ஜெயித்தது. அவர் ஒரு டஜன் முழு உருவத்தை இரண்டு நடையாகச் சுமந்து மூச்சு வாங்கும்போது, நான் என் பங்கில் பாதியை நட்டு முடித்திருந்தேன்.

இருட்டில் நட்டபோது காற்று இருந்தது. சுடும் நேரம் தொடங்கியபோது, அதாவது சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னால், காற்று சுத்தமாக நின்றுவிட்டது. வின்ட்சாக் நாற்பத்தெட்டும் தலையைத் தூக்கியபடி உடம்பு தொங்கிப்போய் நின்றன. கொடியில் காயப்போட்ட வேட்டி கூட அதைவிட உயிரோடு இருக்கும். முதல் கூட்டம் வந்தது, தலைக்கு மேலே ஒரு வட்டம் அடித்தது, மொத்தமாக மேலே ஏறிப் போய்விட்டது. இரண்டாவது கூட்டமும் அப்படியே. மூன்றாவது போனதும் பக்கத்து வீட்டுக்காரர் படுத்த இடத்திலிருந்தே சொன்னார்: “உன் துணியையெல்லாம் பிடுங்கு.”

பிடுங்கினேன். சிலுவெட்டுகளையும் திருத்தினார். நான் எல்லாவற்றையும் அணிவகுப்பு மாதிரி ஒரே திசை பார்க்க நட்டிருந்தேன். தட்டையான அட்டை, நேர் எதிரே வரும் பறவைக்கு வெறும் கோடாகத்தான் தெரியும். எல்லாம் ஒரே திசை என்றால் ஒரு கோணத்தில் கூட்டமே மறைந்துபோகும். கொஞ்சம் கொஞ்சம் திருப்பி நட்டால், கூஸ் வட்டமடிக்கும்போது சில மறையும், சில தோன்றும். மேலிருந்து பார்க்க நடமாடுவது போலவே இருக்கும். தலை நிமிர்ந்தவை இரண்டு மூன்று போதும், மற்றவை குனிந்து மேய வேண்டும். எல்லாமே நிமிர்ந்து நின்றால் ஆபத்தைப் பார்த்த கூட்டம் என்று அர்த்தமாகிவிடுமாம். கூஸ் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும் என்பதால், காற்று போகும் பக்கத்தை அகலமாகத் திறந்துவிட்டு நடுவில் ஒரு வெற்றிடம்.

ஒன்பது மணிக்குக் காற்று திரும்பியது. வின்ட்சாக்கை மறுபடி நட்டேன். அதற்குப் பிறகு வந்த கூட்டம் வட்டம் கூட அடிக்கவில்லை. இறக்கையைக் கவிழ்த்து, இலை உதிர்வது மாதிரி பக்கவாட்டில் சரிந்து இறங்கியது. துப்பாக்கியைத் தூக்க மறந்து வாயைப் பிளந்து பார்த்தேன் என்பதுதான் உண்மை. அவர் மூன்று எடுத்தார், நான் ஒன்று.

அப்புறம்தான் விஷயம். பத்து மணி சுமாருக்கு இரண்டு வெள்ளைப் பறவைகள், இறக்கை நுனி கறுப்பு, தாழ்வாக நேராக எங்கள் டிகாய்களை நோக்கி வந்தன. ஸ்நோ கூஸுக்கும் நுனி கறுப்புதான். நான் எழப்போனேன். அவர் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். “காலைப் பார்.” நீட்டிய கழுத்து, வாலுக்குப் பின்னால் குச்சி போல நீண்ட கால். ஊப்பிங் கிரேன், அழிவின் விளிம்பு வரை போய் வந்த பெரிய கொக்கு. 1941-ல் காட்டில் எஞ்சியிருந்தவை 20 சொச்சம்தான். இன்று 500-க்கு மேல் ஏறியிருக்கும் அந்தக் கூட்டம் கனடாவின் வடக்கே உள்ள வுட் பஃபலோ பூங்காவிலிருந்து டெக்சஸ் கடற்கரைக்குப் போகும் வழியில் இலையுதிர் காலத்தில் எங்கள் சஸ்காட்சுவான் மாகாணத்தில்தான் தங்கும். துப்பாக்கிகளைக் காலி செய்து வைத்துவிட்டுப் படுத்துக் கிடந்தோம். அவை டிகாய்களுக்கு நாற்பது அடி தள்ளி இறங்கி, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவாக நின்று, என் அட்டைகளை ஒருமுறை ஏளனமாகப் பார்த்துவிட்டு நடந்து போயின. அன்றைய வேட்டை அதோடு முடிந்தது.

ஸ்காபரோவிலிருந்து

எங்களுக்கு வாத்து என்றில்லை, தாரா. சிறு வயதில் வீட்டிலேயே வளர்த்த பிள்ளைக்குத் தாராவைச் சுடுவது முதலில் கஷ்டமாகத்தான் இருந்தது.

நான் ஈரி ஏரிக்கரைச் சதுப்பில் கயாக்கில் போகிறவன். கயாக்கில் இடமே கிடையாது, அதனால் தானாகக் காற்று நிரம்பும் ரப்பர் டிகாய் வாங்கினேன். அடிப்பக்கம் ஒரு வளையம், அது திறந்தே இருக்கும். உயரத்திலிருந்து தண்ணீரில் போட்டால் காற்றைச் சிறைபிடித்துக்கொண்டு விழும், தாரா மாதிரி மிதக்கும். ஒரு டஜன் ஒரு சின்னப் பைக்குள் அடங்கும். நவம்பர் குளிரில் மட்டும் ரப்பர் விறைத்து, மடிப்பு மடிப்பாக, வயசான கிழவியின் கன்னம் மாதிரித்தான் மிதக்கும். இப்போது காரில் போகும்போதே ஹீட்டர் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

ஒரு நாள் காலை, நாணலுக்குள் அசையாமல் இருக்கிறேன். பூனைப்பருந்து ஒன்று நாணல் நுனியை உரசிக்கொண்டு வந்து, சட்டென்று திரும்பி, என் ஓரத்து டிகாயின் மேல் பாய்ந்தது. நகம் இறங்கியதும் ‘புஸ்ஸ்’. தாரா அதன் காலுக்குக் கீழேயே சப்பையாகப் போனது. பருந்து ஒரு கணம் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏமாந்த கடன்காரன் பார்வை. இறக்கையை அடித்துப் பறந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் கயாக் ஆடி, வந்துகொண்டிருந்த மல்லார்ட் தாரா நாலும் திரும்பிப் போய்விட்டன.

இன்னொரு நாள் அடிபட்டு நீந்திய தாராவைத் திரும்பச் சுடும்போது என் ரவையே மூன்று டிகாயைத் துளைத்துவிட்டது. கடினப் பிளாஸ்டிக் டிகாய் ரவை பட்டாலும் சாய்ந்தாவது மிதக்கும், இது அப்படியே அமுங்கிவிடும். சைக்கிள் ட்யூப் ஒட்டும் பசை கொஞ்ச நாள் பிடிக்கிறது. மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. முதுகுக்காகவே நான் இதை விடமாட்டேன்.

ஹூஸ்டனிலிருந்து

வின்ட்சாக்கைப் புதுச் சரக்கு என்று நினைக்கிறீர்கள். எங்கள் பக்கத்து நெல் வயல்களில், கேட்டி, ஈகிள் லேக், கார்வுட் வட்டாரத்தில், ஒரு காலத்தில் டிகாயே வெள்ளைத் துணிதான். பழைய படுக்கை விரிப்பு, மேஜை விரிப்பு, குழந்தை டயப்பர், செய்தித்தாள் வரைக்கும். ஆயிரம் துண்டை இருட்டில் நெல் தாளின் மேல் போட்டுக்கொண்டே போவார்கள். வேட்டைக்காரரும் வெள்ளைச் சட்டை போட்டு அந்தத் துணிகளுக்கு நடுவிலேயே மல்லாந்து படுத்துக்கொள்வார். என்னைக் கூட்டிப்போன வயதானவர் இப்போதும் அப்படித்தான். நான் தஞ்சாவூர்க்காரன். அறுத்த தாளின் வாசனையில் முதுகு நனையப் படுத்துக்கொண்டு, ‘நாம எதுக்கு இங்க வந்தோம்’ என்று ஒரு நிமிடம் குழம்பிப்போனேன்.

துணியின் பிரச்சினை பனி. நனைந்தால் தாளோடு ஒட்டிக்கொண்டு மேலிருந்து வெறும் குப்பையாகத் தெரியும். திரும்பச் சுருட்டும்போது எடை மூன்று மடங்கு. அந்தத் துணியைக் கம்பியில் கட்டித் தலை ஒட்டினால் வின்ட்சாக், அவ்வளவுதான். இப்போது கூஸும் முன்போல் இங்கே வருவதில்லை. நெல் பரப்பு சுருங்கிவிட்டது, பெருங்கூட்டம் ஆர்க்கன்சா பக்கம் ஒதுங்கிவிட்டது. அன்றைக்கு எங்களுக்கு ஒன்றும் விழவில்லை. 600 துண்டு பொறுக்கினோம்.

திருநெல்வேலியிலிருந்து

எல்லாம் சரி. எங்கள் கூந்தன்குளத்துக்கு வரித்தலை வாத்து வந்தால் ஊரே அதைச் சொந்தக்காரனாகப் பார்க்கும். பறவைக்காக வெடி வெடிக்காத ஊர். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே யாரும் பறவை வேட்டைக்குத் துப்பாக்கியைத் தூக்க முடியாது. நீங்கள் பொம்மை வைத்து ஏமாற்றிச் சுடுவதை ரசித்து எழுதுவதைப் படிக்க எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. திட்டவில்லை, கேட்கிறேன்.

சஸ்காட்டூனிலிருந்து

கேட்க வேண்டிய கேள்விதான். ஸ்நோ கூஸ் கதை கொஞ்சம் வேறு. தெற்கே வயல்களில் கிடைக்கும் தானியத்தால் அது அளவுக்கு மீறிப் பெருகி, ஹட்சன் விரிகுடாக் கரையில் கூடு வைக்கும் நிலத்தில் புல்லை வேரோடு பிடுங்கித் தின்று, வெறும் சேறாக்கிவிட்டது. அதனால்தான் 1999-லிருந்து வசந்த காலத்திலும் அதைச் சுட அனுமதி. எல்லாப் பறவைக்கும் இந்த நியாயம் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். நான் சுடுவது சாப்பிட. நெஞ்சுக் கறியை மிளகு வறுவல் போட்டால் ஆட்டுக்கறிக்குப் பக்கத்தில் வரும், கால் மட்டும் குக்கரில் கூடுதலாக விசில் கேட்கும். ஈய ரவைக்குத் தடை என்பதால் ஸ்டீல் ரவை. கறியில் ஒன்று தப்பி நின்றால் பல் போச்சு, கழுவும்போது தடவிப் பாருங்கள்.

வின்னிபெக்கிலிருந்து

டிகாய்க்குத் திரும்புவோம். ஒன்றே ஒன்று: ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள். நான் ஒரு வருஷம் அப்படியே காரேஜில் போட்டுவிட்டு அடுத்த செப்டம்பரில் பையைத் திறந்தேன். வெள்ளைக் கூஸ் எல்லாம் கறும்புள்ளிக் கூஸ். அப்புறம் நவம்பரில் தரை உறைந்தால் கம்பி இறங்காது, அழுத்தினால் வளையும். பேட்டரி டிரில் கொண்டுபோங்கள். சஸ்காட்டூன்காரரே, காற்றில்லாத நாளுக்கு என்ன செய்கிறீர்கள் இப்போது?

சஸ்காட்டூனிலிருந்து

கம்பியால் உறையின் வாயை விரித்துப் பிடிக்கும் வகை கிடைக்கிறது. காற்றில்லாமலும் கொஞ்சம் உடம்பு இருக்கும். ஒரு டஜன் வாங்கினேன். ஆனால் அசையாது. அதனால் முந்தின இரவே முன்னறிவிப்பைப் பார்த்து, மணிக்கு 8 கிலோமீட்டருக்குக் கீழே காற்று என்றால் துணிப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு அட்டையை மட்டும் எடுத்துப் போகிறேன். 40-ஐத் தாண்டினாலும் அப்படித்தான், பேய் பிடித்த மாதிரி சுழலும். இந்தச் சனிக்கிழமை வடமேற்குக் காற்று 20 என்கிறார்கள். பை கார் டிக்கியில் ஏறிவிட்டது.