கடைசி ஆள் வந்த பிறகுதான் காபி: அல்சூர் ஏரிக்கரை ஓட்டக் கூட்டம்

பெங்களூருக்குக் குடிவரும் நம்மவர்களில் நிறையப் பேருக்கு இங்கே வந்த பிறகுதான் ஓடும் ஆசை வருகிறது. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சித்திரை மாதத்தில்கூட விடியற்காலையில் உடம்பு கசகசப்பதில்லை. ஆசை வருவது சுலபம். தனியாக ஓட ஆரம்பித்தவர்கள் சில வாரங்களில் ஷூவைப் பரணில் போட்டுவிடுவதை எங்கள் குடியிருப்பிலேயே பார்க்கிறேன். நான் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்கு முழுக் காரணம் அல்சூர் ஏரிக்கரையில் ஞாயிறு காலை கூடும் ஒரு சின்னக் கூட்டம்.

கூட்டத்துக்குப் பெயர் கிடையாது, சந்தா கிடையாது, ஒரே மாதிரி டி-ஷர்ட்டும் கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் சனிக்கிழமை ராத்திரி ஒரு வரி வரும்: "நாளைக்கு அஞ்சே முக்கால், வள்ளுவர்கிட்ட." சட்டம் என்று ஒன்றே ஒன்றுதான். கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் காபிக் கடைக்குள் கால் வைக்கக் கூடாது.

வள்ளுவர் என்றால் ஏரிப் பக்கம் இருக்கும் திருவள்ளுவர் சிலை. 1991-ல் வைத்த சிலை, தமிழ்-கன்னட மொழித் தகராறில் 18 வருடம் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9-ம் தேதி கருணாநிதியும் எடியூரப்பாவும் ஒரே மேடையில் நின்று திறந்தார்கள். நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. மூடிக் கிடந்த காலத்தைப் பார்த்த அல்சூர்க்காரர்கள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். இப்போது அதே சிலைக்குக் கீழே தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது பேசுகிறவர்கள் எல்லாரும் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டுகிறோம். எனக்கு அந்த இடத்தின் மேல் தனிப் பிரியம்.

கூட்டத்தை நடத்துவது சுபேதார் அண்ணா. ஏரியை ஒட்டியே இருக்கிற மெட்ராஸ் சாப்பர்ஸ் மையத்தில், அதாவது மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பில், பணி செய்து ஓய்வு பெற்றவர். அந்தப் படைக்காரர்களை ராணுவத்தில் எல்லாரும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தத் தம்பிக்கு வயது எழுபதை நெருங்குகிறது. விலை உயர்ந்த ஷூ எதுவும் கிடையாது. பழுப்பு கேன்வாஸ் பி.டி. ஷூதான், மாவு மாதிரி வெளுத்துப் போயிருக்கும்.

நான் சேர்ந்த அன்று அவரிடம், "எனக்கு எவ்வளவு தூரம் ஓட முடியும்னு தெரியல சார்" என்றேன்.

"சார் எல்லாம் வேணாம்மா, அண்ணான்னே சொல்லு. இன்னைக்கு தூரமும் வேணாம். என்கூட பேசிக்கிட்டே வா. பேச்சு அறுந்துச்சுன்னா நடை. திரும்ப பேச்சு வந்துச்சுன்னா ஓட்டம். அவ்ளோதான்."

பிறகு எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், நேற்று என்ன குழம்பு என்று கேட்டுக்கொண்டே வந்தார். வத்தக்குழம்பு என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு இரைத்தது. அவர் உடனே நடைக்கு மாறிவிட்டார். அவர் பார்த்தது என் காலை இல்லை, என் வாக்கியத்தை. ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிகிற வேகம்தான் புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு ஏற்ற வேகம் என்று விளையாட்டு மருத்துவம் படித்தவர்களும் சொல்கிறார்கள். காரணமும் அண்ணாவே பிறகு சொன்னார். நெஞ்சும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதக் கணக்கு ஆகும். மூச்சு சரியாகிவிட்டதே என்று வேகத்தைக் கூட்டுகிறவர்களுக்குத்தான் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பெங்களூர் நடைபாதையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாக்கடை மேல் போட்ட கல் ஒன்று ஆடும், ஒன்று காணாமல் போயிருக்கும், நடுவில் கேபிள் சுருண்டு கிடக்கும். விடியாத நேரத்தில் ஓடும்போது முன்னால் போகிறவர் "கல்லு!" என்பார். அடுத்தவர் "கல்லு!" என்று பின்னால் கடத்துவார். அது வரிசையாக நகர்ந்து கடைசி ஆள் வரை வரும். அப்புறம் "குழி!", "வண்டி!", "நாய்!". யாரும் எனக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. முன்னால் ஓடிய ஆட்டோ டிரைவர் அண்ணன் "கம்பி!" என்றதும், என் வாயும் தானாகவே "கம்பி!" என்று பின்னால் கத்தியது. எனக்குப் பின்னால் வந்தவர் தாண்டிப் போனார். அந்த நிமிடம்தான் நான் கூட்டத்தில் ஒருத்தி ஆனேன் என்று நினைக்கிறேன்.

நாய் விஷயத்தில் அந்த ஆட்டோ அண்ணன் சொல்வதுதான் எங்களுக்கு வேதம். துரத்தினால் ஓடாதே, நில். முறைத்துப் பார்க்காதே. கையை வீசாதே. மெதுவாக நடந்து அதன் தெருவைத் தாண்டு. தப்பித் தவறிக் கடித்துவிட்டால் மஞ்சளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போய்விட வேண்டும்.

மர்பி டவுனிலிருந்து ஒரு பையன் வருவான். ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாராகிறான். அங்கே 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண். எங்களோடு ஆமை வேகத்தில் ஓடுவது அவனுக்கு என்ன உபயோகம் என்று ஒருநாள் கேட்டேன். "வாரத்துல ரெண்டு நாள்தான் அக்கா வேகமா ஓடணும்னு அண்ணா சொல்லியிருக்காரு. மத்த நாள் மெதுவா ஓடினாதான் அந்த ரெண்டு நாளும் கால் கேக்கும்" என்றான். அண்ணா அவனுக்காகவே காபிக் கடையில் சிவ்நாத் சிங் கதையை எடுப்பார். ராணுவத்திலிருந்து வந்த ஓட்டக்காரர், 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11-வதாக வந்தவர், 1978-ல் ஜாலந்தரில் மாரத்தானை 2 மணி 12 நிமிடத்தில் முடித்தவர். பையன் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பான்.

பெண்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். காலையில் ஓடப் போவதற்கு நாம் தயங்குவது இருட்டுக்காக மட்டும் இல்லை, பாத்ரூமுக்காகவும்தான். இதை யாரும் எழுதுவதில்லை. எங்கள் கூட்டத்தில் ஜோகுபாளையத்து அக்கா ஒருவர் இருக்கிறார். சல்வார் மேல் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடுவார். ஞாயிறு காலையில் அவர் வீட்டுக் கதவு தாழ்ப்பாள் போடாமல் இருக்கும். அவருடைய மாமியார் உள்ளே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார், தலையை நிமிர்த்தாமல் "பின்னாடி லைட்டு போட்டுக்கம்மா" என்பார். அந்த வீட்டை வைத்துத்தான் எங்கள் பாதையே முடிவாகிறது. புதிதாகக் குழு ஆரம்பிக்கிறவர்கள் பாதையில் இப்படி ஒரு வீடோ கடையோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெண்கள் தொடர்ந்து வருவார்கள்.

சில ஞாயிறுகளில் டிரினிட்டி வழியாக எம்.ஜி. ரோடு மெட்ரோவுக்குக் கீழேயே ஓடி கப்பன் பார்க் போவோம். ஞாயிற்றுக்கிழமை உள்ளே வண்டி விடமாட்டார்கள் என்பதால் நிம்மதி. அப்படி ஒருநாள் மென்பொருள் வேலையில் இருக்கும் ஒரு தம்பி முதல்முறையாக வந்திருந்தார். கனத்த உடம்பு. பாதித் தூரத்துக்கு மேல் நடைதான். மற்றவர்கள் எப்போதோ திரும்பிவிட்டோம். காவடி மாதிரி ஆடி அசைந்து அவர் வரும்போது கடைவாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் காபி வாங்காமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "எனக்காகவா நின்னீங்க? நீங்க குடிச்சிருக்கலாமே" என்று சங்கடப்பட்டார். சுபேதார் அண்ணா அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரரைப் பார்த்து, "ஆள் வந்தாச்சு, போடுப்பா" என்றார். அந்தத் தம்பி அடுத்த வாரமும் வந்தார். இப்போது அவர்தான் புதியவர்களோடு பின்னால் வருகிறார்.

ஜெயநகரிலிருந்து ஓர் உறுப்பினர்:

சகோதரி எழுதியதைப் படித்ததும் நானும் எழுதவேண்டும் என்று தோன்றியது. நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன், சர்க்கரை உண்டு. லால்பாகில் காலையில் ஓடும் ஒரு வயதானவர்கள் கூட்டத்தில் இருக்கிறேன். ஓட்டம் என்பதை விட ஓட்டநடை. ரெண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. 240 ஏக்கர் தோட்டம், மண்பாதை நிறைய இருப்பதால் முழங்காலுக்கு இதமாக இருக்கிறது. முடிவில் கெம்பே கவுடா கோபுரம் நிற்கிற அந்தப் பாறைமேல் ஏறி உட்காருவோம். ஏறக்குறைய 300 கோடி வருடப் பாறை என்கிறார்கள் நிலவியல்காரர்கள்.

என்னைப் போன்றவர்களுக்காக மூன்று விஷயம். இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் வெறும் வயிற்றில் ஓடக்கூடாது. சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். வீட்டுக்குப் போனதும் உள்ளங்காலைப் புரட்டிப் பாருங்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவருக்குக் காலில் உணர்ச்சி குறைவு. ஷூவுக்குள் சின்னக் கல் புகுந்து கொப்புளமாகி இருந்தது, அவருக்கு வலியே தெரியவில்லை. பாறைமேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றியபோது சாக்ஸில் ஈரத்தைப் பார்த்தவர் பக்கத்தில் இருந்த நண்பர்தான். அன்று முதல் பாறைமேல் எல்லாரும் ஷூவைக் கழற்றி ஒருவர் காலை ஒருவர் பார்க்கிறோம். இந்த வயதில் உள்ளங்காலைக் குனிந்து பார்ப்பதே பெரும்பாடு. இன்னொருவர் கண் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலிருந்து ஓர் உறுப்பினர்:

எல்லாக் குழுவும் அல்சூர் மாதிரி இருக்காதுங்க, அதையும் யாராவது சொல்லணும். நான் முதல்ல சேர்ந்தது எங்க ஏரியாவில் பெரிய குழு. போட்டோ, ஓட்டத்தைப் பதிவு பண்ற ஸ்ட்ராவா ஆப், கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம், இதுதான் பேச்சு. 'எல்லாரும் வரலாம்'னுதான் போட்டிருந்தாங்க. அஞ்சரை மணி இருட்டுல ஒரு ஜங்ஷன்ல சிக்னல் மாறி நான் நின்னுட்டேன். நிமிர்ந்து பார்த்தா ஒருத்தரையும் காணோம். லாரி போற ரோடு, வழி தெரியல, கையில போன் மட்டும். ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்தேன். நான் வரலைன்னு அன்னைக்கு குரூப்ல ஒருத்தரும் கேக்கல. அதுதான் ரொம்ப வலிச்சது. அதுக்கப்புறம் நான் போகல.

இப்ப எங்க அப்பார்ட்மென்ட் ஆளுங்க அஞ்சாறு பேர் அகரா ஏரியைச் சுத்தி ஓடறோம். வேகமா ஓடறவங்களும் இருக்காங்க, என்னை மாதிரி மெதுவா ஓடறவங்களும் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் குறையில்லாம ஒரு வழி கண்டுபிடிச்சோம். எல்லாரும் ஒரே இடத்துல கிளம்பி, அவங்கவங்க வேகத்துல ஒரே திசையில இருபது நிமிஷம் ஓடணும். இருபதாவது நிமிஷம் எல்லார் போன்லயும் அலாரம் அடிக்கும். அடிச்ச இடத்துலயே திரும்பி, அதே வேகத்துல வந்த வழியே வரணும். வேகமா போனவங்க ரொம்ப தூரம் போயிருப்பாங்க, அதனால அவங்க திரும்பி வர தூரமும் ஜாஸ்தி. நான் பக்கத்துலயே இருப்பேன். திரும்பினதும் நான்தான் முன்னாடி, அவங்க பின்னாடியிருந்து வந்து சேருவாங்க. கிளம்பின இடத்துக்கு எல்லாரும் ஏறக்குறைய ஒண்ணா வந்துடுவோம். ஒருத்தரும் காத்திருக்க வேண்டாம், ஒருத்தரும் தனியா விடுபடவும் வேண்டாம்.

அக்கா, இதை அல்சூர்லயும் ஒரு ஞாயிறு செஞ்சு பாருங்க. அலாரம் கூட வேண்டாம், சுபேதார் அண்ணாகிட்ட கண்டிப்பா ஒரு விசில் இருக்கும்.