விரையில கேன்சர் வந்து ட்ரீட்மென்ட் எடுத்தவங்க அனுபவத்தை எழுதுங்க

கோவைக்காரன்:
வயசு 29ங்க. இதை யாரும் வாய்விட்டு பேசறதில்ல, அதனாலதான் நானே ஆரம்பிக்கறேன். குளிக்கறப்ப வலது விரையில பட்டாணி சைஸுக்கு கெட்டியா ஒண்ணு கையில தட்டுப்பட்டுச்சு, அமுக்கினாலும் வலி கிடையாது. பக்கத்து கிளினிக்ல இன்ஃபெக்‌ஷன்னு ஆன்டிபயாடிக் குடுத்தாங்க, கோர்ஸ் முடிஞ்சும் கட்டி அப்படியேதான் இருந்துச்சு. அப்புறம் யூராலஜிஸ்ட்கிட்ட போனேன், விரைப்பைக்கு அல்ட்ராசவுண்ட், ரத்தத்துல ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச்னு மூணு மார்க்கர், அதாவது இந்த கேன்சர் இருந்தா ரத்தத்துல ஏறக்கூடிய பொருள்கள். இதுல எச்சிஜி கர்ப்பமான்னு பாக்கற டெஸ்ட்ல வர்ற அதே ஹார்மோன்தான், ஆம்பள பேருல அது ஏறியிருக்கறத பாத்து லேப்ல இருந்த அக்கா பேரை ரெண்டு தடவ சரிபாத்தாங்க.

ஊசி போட்டு சதை எடுத்து பாத்துட்டு முடிவு பண்ணலாமான்னு கேட்டேன், கூடவே கூடாதுன்னுட்டார் டாக்டர். விரைப்பை தோலை குத்தினா, வெட்டினா கேன்சர் வேற பக்கத்து நெறிகட்டிக்கு பரவ வழியாயிடும், அதனால தொடை இடுக்குக்கு மேல கீறி விரையை அதோட குழாய், ரத்தக்குழாயோட சேத்து முழுசா எடுத்து, அதுக்கப்புறம்தான் பயாப்ஸி. இதை தயவுசெஞ்சு எல்லாரும் ஞாபகம் வெச்சுக்கங்க.

விரை கேன்சர்ல செமினோமா, நான்-செமினோமான்னு ரெண்டு முக்கிய வகை, எனக்கு வந்தது நான்-செமினோமா, வயித்துக்குள்ள நெறிகட்டி வரைக்கும் போயிருந்துச்சு, அதனால பிஇபின்னு மூணு மருந்து சேர்ந்த கீமோ மூணு சைக்கிள், ஒவ்வொண்ணும் 21 நாள் கணக்கு. முதல் அஞ்சு நாளும் சிஸ்பிளாட்டின், எட்டோபோசைட், கிட்னிய காப்பாத்த பாட்டில் பாட்டிலா சலைன், வாரம் ஒருக்கா ப்ளியோமைசின். வாய் பூரா இரும்பு ருசி, சாம்பார் தாளிக்கற வாசனை வந்தாலே குமட்டும், மோர்சாதம்தான் இறங்குச்சு. காதுல ஙொய்னு ஒரு சத்தம் இன்னமும் இருக்கு, சிஸ்பிளாட்டினால வர்றதாம்.

மதுரையிலிருந்து ஒரு மனைவி:
அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கும் இதேதான். கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகல, ஓதம்னு சொல்லி அத்தை நாட்டு மருந்து பத்து போடச் சொன்னாங்க, நான்தான் அடம்பிடிச்சு ஸ்கேனுக்கு கூட்டிட்டு போனேன். நான் சொல்ல வந்தது ஒண்ணுதான், கீமோவுக்கு முன்னாடியே விந்தணு எடுத்து ஃப்ரீஸ் பண்ணி வைக்கணும். எங்களுக்கு அதை யாரும் தானா சொல்லல, வார்டுல பக்கத்து பெட் பையனோட அக்கா சொல்லித்தான் தெரியும். கீமோவுக்கு அப்புறம் நெறைய பேருக்கு மறுபடி உற்பத்தி ஆகும், ஆனா எல்லாருக்கும் ஆகும்னு சொல்ல முடியாதுல்ல. ஒரு விரை போனா ஆம்பளத்தனமே போயிரும்னு அத்தை அழுதாங்க, மிச்சம் இருக்கற ஒண்ணு நல்லா இருந்தா பொதுவா ஹார்மோனுக்கும் கொழந்தைக்கும் அதுவே போதும்னு டாக்டர் அவங்களையே உக்கார வெச்சு வெளக்குனாரு.

சென்னை வாசகர்:
தம்பி, எனக்கு செமினோமா, முதல் ஸ்டேஜ். ஆபரேஷனோட சரி, கீமோ வேணாம், சிடி ஸ்கேனும் மார்க்கரும் தவறாம பாத்தா போதும்னுட்டாங்க. சின்ன வயசுல எனக்கு ஒரு விரை கீழ இறங்காம இருந்துச்சு, அப்படி இருந்தவங்களுக்கு ரிஸ்க் ஜாஸ்தி, ஆண் குழந்தை இருக்கறவங்க அதை கவனிச்சு சின்னதுலயே காட்டிடுங்க. பயத்துல இருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், சைக்கிள் ரேஸ் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996ல கண்டுபிடிக்கும்போதே நுரையீரல், மூளைன்னு பரவியிருந்துச்சு, அப்படியும் குணமானார். நம்ம யுவராஜ் சிங்குக்கு வந்தது விரையில இல்ல, ரெண்டு நுரையீரலுக்கு நடுவுல, ஆனா இதே குடும்பத்து கட்டி. ரெண்டு பேருக்கும் வைத்தியம் நடந்தது அமெரிக்காவுல இந்தியானா பல்கலைக்கழகத்துல, அங்க டாக்டர் ஐன்ஹார்ன்னு ஒருத்தர், 1974ல சிஸ்பிளாட்டினை மத்த மருந்தோட சேத்து இந்த கேன்சருக்கு குடுத்து பாத்தவர் அவர்தான். அதுக்கு முன்னாடி பரவிடுச்சுன்னா பொழச்சவங்க ரொம்ப கம்மி.

கோவைக்காரன்:
நன்றிங்கண்ணா. ஒண்ணு விட்டுப்போச்சு, ப்ளியோமைசின் நுரையீரலை பாதிக்கும்ங்கறதால முன்னாடியே மூச்சு டெஸ்ட் எடுத்தாங்க. பின்னால வேற எந்த ஆபரேஷன் வந்தாலும் மயக்க மருந்து டாக்டர்கிட்ட இந்த மருந்து ஏறியிருக்குன்னு கண்டிப்பா சொல்லணும், ஆக்சிஜன் அளவை அதுக்கு தகுந்தாப்புல வெப்பாங்க. மதுரை தங்கச்சி, டிஸ்சார்ஜ் சம்மரியை லேமினேட் பண்ணி அவர் பர்ஸ்லயே வெச்சிருங்க. எனக்கு இந்த மாசம் சிடி இருக்கு, ரிப்போர்ட் வந்ததும் இங்கயே போடறேன்.