ஏர் பிளான்ட் அடி கறுத்து அழுகுகிறது: தண்ணீர் போதவில்லையா, கூடிவிட்டதா?

பால்கனிச்செடி:
சென்னை, கிழக்குப் பார்த்த பால்கனி. மண் இல்லாமல் வளரும் ஏர் பிளான்ட்டில் அயோனாந்தா வகை இரண்டு, பல்போசா வகை ஒன்று, கூழாங்கல் போட்ட கண்ணாடிக் கிண்ணத்தில் இருக்கின்றன. தினமும் இரவு ஸ்பிரே, போர் தண்ணீர். பல்போசாவின் அடி கறுத்து, நடுக்குருத்து கையோடு வருகிறது. அயோனாந்தாவில் வெள்ளைப் படலம், நுனி காய்கிறது. என்ன செய்யலாம்?

கொடிவீடு:
குருத்து கழன்றுவிட்டால் பல்போசா பிழைக்காது. பக்கக்கன்று கெட்டியாக, பச்சையாக இருந்தால் அதை மட்டும் பிரித்தெடுங்கள்.

கிண்ணமும் இரவு ஸ்பிரேயும்தான் காரணம். டில்லாண்ட்சியா (ஏர் பிளான்ட்டின் தாவரப் பெயர்) மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம் மரக்கிளையைப் பற்றி வளர்வது. மழையில் நனையும், காற்றில் சீக்கிரம் உலர்ந்துவிடும். இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுப்பது இரவில்தான். அப்போது இலை ஈரமாக இருந்தால் மூச்சடைத்துப்போகும். அதனால் தண்ணீர் காலையில் மட்டும்.

அயோனாந்தாவை வாரம் ஒருமுறை 20 முதல் 30 நிமிடம் ஊறவிட்டு, தலைகீழாக உதறி, அப்படியே கவிழ்த்து ஃபேன் காற்றில் வையுங்கள். 4 மணி நேரத்துக்குள் உலர்ந்துவிட வேண்டும். கோடையில் வாரம் இருமுறை. மழைக்காலத்தில் இடைவெளியைக் கூட்டுங்கள். பல்போசாவின் அடிக்குமிழ் உள்ளே வெற்றாக இருக்கும், புகுந்த தண்ணீர் லேசில் வெளியேறாது. அதை ஊறப்போடவே வேண்டாம், முக்கி எடுத்து உதறினால் போதும்.

மழைத்தொட்டி:
வெள்ளைப் படலத்தைப் பார்த்து அவசரப்பட்டுத் தேய்க்காதீர்கள். நீரை உறிஞ்சும் செதில்களும் வெள்ளைதான். இலையை நனைத்துப் பாருங்கள்: பச்சையாக மாறினால் செதில், திட்டாக நின்றால் போர் தண்ணீரின் சுண்ணாம்பு. அது படிந்து செதில்களை அடைத்தால், எவ்வளவு ஊறவைத்தாலும் செடி வாடும். பிடித்துவைத்த மழைநீர் சிறந்தது, ஆர்.ஓ. தண்ணீரும் சரி.

முக்கியமாக, செம்பு இந்தச் செடிக்கு நஞ்சு. அழுகலுக்கென்று காப்பர் ஆக்ஸிகுளோரைடு (செம்புள்ள பூஞ்சைக்கொல்லி) அடிக்காதீர்கள், செம்புக் கம்பியால் கட்டாதீர்கள். ஏசியில் சொட்டும் தண்ணீரும் செம்புக் குழாய்மேல் படிந்து வழிந்ததாக இருக்கலாம், அதுவும் வேண்டாம். கட்ட நைலான் நரம்பு போதும்.

பால்கனிச்செடி:
மிக்க நன்றி. ஒரு அயோனாந்தாவின் நடு இலைகள் சிவக்கின்றன. இதுவும் நோயா?

கொடிவீடு:
இலை விறைப்பாக இருந்தால் பூக்கப்போகிறது. ஊதா நிறத்தில் குழல் குழலாக வரும். ஒரு செடி ஒருமுறைதான் பூக்கும், பிறகு அடியில் கன்று விடும். தாயில் மூன்றில் ஒரு பங்காவது வளரும்வரை பிரிக்காதீர்கள். கரையும் உரம் போடுவதானால் உறையில் சொன்னதில் கால் பங்கு, மாதம் ஒருமுறை. பூ விரிந்திருக்கும்போது முழுதாக ஊறப்போடாமல் அடிப்பக்கம் மட்டும் நனையுங்கள்.