மறு: மறு: ‘பல்சமய உரையாடல்’ – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

மறைக்கல்வி (கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான சமய வகுப்பு) ஆசிரியர்களுக்கான பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கத்தோலிக்கத் திருச்சபை பிற சமயத்தாரோடு கொள்ளும் உறவு பற்றிய பாடம். தலைப்புக்கு, வழக்கில் இருக்கும் ‘பல்சமய உரையாடல்’ என்பதையே போட்டுவிட்டேன். சிக்கல் உள்ளே இருக்கிறது.

1991இல் வத்திக்கான் வெளியிட்ட ‘உரையாடலும் அறிவிப்பும்’ என்ற ஆவணம் இதை நான்காகப் பிரிக்கிறது. அறிஞர்கள் தத்தம் மரபைப் பற்றிப் பேசித் தெளிவது, இறைவேண்டலிலும் தியானத்திலும் கண்டதைப் பகிர்வது, மக்களின் விடுதலைக்கும் வளர்ச்சிக்கும் சேர்ந்து உழைப்பது ஆகிய மூன்றும் சரி. ஆனால் பட்டியலில் முதலில் நிற்பது வேறு. அக்கம்பக்கத்தில் வாழ்கிறவர்கள் ஒருவர் இன்பதுன்பத்தில் ஒருவர் பங்குகொள்வது. இதை ‘வாழ்வு உரையாடல்’ என்று எழுதினால் என்ன புரியும்? ஒரு வீட்டில் சாவு. வேறு சமயத்துப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். அங்கே உரையே இல்லையே.

பேச்சோடு நின்றுவிடாத சொல் ஒன்று தேவை. ‘உறவாடல்’ என்று எழுதலாமா?

ஆ.மெ.

—

> தலைப்புக்கு, வழக்கில் இருக்கும் ‘பல்சமய உரையாடல்’

எனக்குத் தலைப்பிலேயே தடை. ‘பல்’ என்பது எண்ணிக்கையைத்தான் சொல்லும். நான்கு சமயத்தார் ஒரே மேடையில் ஆளுக்கொரு சொற்பொழிவு ஆற்றிவிட்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் இறங்கிப் போனாலும் அது பல்சமயம்தான். இங்கே வேண்டியது ‘இடை’. ‘சமயங்களிடை உரையாடல்’ என்று எழுதுங்கள்.

அடுத்து, ‘டயலாக்’ என்றால் இருவர் பேச்சு என்று பலர் நினைக்கிறார்கள். அதன் கிரேக்க மூலத்தில் முன்னால் வரும் ‘தியா’ என்பது இரண்டைக் குறிப்பதில்லை. ‘ஊடாக’ என்று பொருள். சொல்லின் ஊடாகச் சென்று பொருளை அடைவது. தமிழில் நேர்ச்சொல்லே இருக்கிறது: ஊடு. ஊடு + உரை = ஊடுரை. நெசவில் பாவின் குறுக்கே ஓடுவது ஊடு. அது இல்லாமல் துணி இல்லை. ஊடலும் இந்த வேரிலிருந்து வந்ததே என்பது என் துணிபு. இருவருக்கு நடுவே ஒன்று புகுந்து நிற்பதுதானே ஊடல்? ஊடலுக்குப் பிறகு கூடல் என்று நம் அகமரபு சொல்வதையும் எண்ணிப் பாருங்கள். வேற்றுமையை மறைக்காமல் நெருங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

நா.க.

—

நா.க. ஐயா, நான் வகுப்பில் நிற்கிறவள். ‘ஊடுரை’ என்று பலகையில் எழுதினால் முதல் பத்து நிமிடம் அதை விளக்கவே போய்விடும். பிள்ளைகள் பாடத்துக்கு வந்திருக்கிறார்களா, சொல்லாராய்ச்சிக்கு வந்திருக்கிறார்களா?

‘இடை’ வேண்டும் என்கிறீர்கள். நாடுகளுக்கு இடையில் நடப்பதைப் ‘பன்னாட்டு’ என்று நாம் எப்போதோ ஏற்றுக்கொண்டாயிற்று. அங்கே ‘பல்’ போதும் என்றால் இங்கே ஏன் போதாது? பல்சமயம் நிலைத்துவிட்டது, விட்டுவிடுங்கள்.

உறவாடலுக்கு என் வாக்கு.

தெ.

—

அன்பர்களே, மூலத்தைப் பார்த்துவிடுவோம். 1964 ஆகஸ்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் எழுதிய சுற்றுமடலின் இலத்தீன் பாடத்தில் நாம் தேடும் இடங்களில் வருவது ‘கொல்லோக்குயும்’. 1965 அக்டோபர் 28 அன்று வெளியான ‘நோஸ்த்ரா எத்தாத்தே’ என்ற இரண்டாம் வத்திக்கான் சங்க அறிக்கையும் பிற சமயத்தாரோடு ‘கொல்லோக்குயா’ வழியாகவும் கூட்டுழைப்பு வழியாகவும் பழகச் சொல்கிறது. கூடிப் பேசுவது என்பதே அதன் நேர்ப்பொருள். ஆகவே நா.க. ஐயாவின் கிரேக்க வாதம் அந்த இரண்டு ஏடுகளுக்கும் பொருந்தாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1964இல் வத்திக்கான் இதற்கென்று தொடங்கிய செயலகத்தின் பெயர் ‘கிறிஸ்தவர் அல்லாதோருக்கான செயலகம்’. 1988இல் அது மாறி, பெயரிலேயே உரையாடல் வந்தது. ஒருவரை ‘நம்மவர் அல்லாதவர்’ என்று அழைத்துக்கொண்டு அவரோடு எப்படிப் பேசுவது? அவர்களுக்கே 24 ஆண்டுகள் ஆயின. நமக்கு வெள்ளிக்கிழமைவரை இருக்கிறது. பாடக்குறிப்பில் ‘புறச்சமயம்’ எங்கேனும் இருந்தால் தயவுசெய்து ‘பிற சமயம்’ என்று மாற்றிவிடுங்கள்.

அ.ச.

—

இக்குழுவில் பல ஆண்டுகளாக வாசிப்பவன். நான் சைவன். என் கருத்தையும் கேளுங்கள்.

தந்தை அ.ச. சொன்ன பெயர் மாற்றம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்தக் கண்ணோடுதான் ‘உறவாடல்’ என்ற சொல்லைப் பார்க்கிறேன். தமிழில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு நிழல் உண்டு. ‘உறவாடிக் கெடுத்தான்’ என்கிறோம். நெருங்கிப் பழகுவதுபோல் பழகி உள்நோக்கத்தை நிறைவேற்றிக்கொள்வது. இந்த முயற்சியைப் பற்றி என் பக்கத்து மக்களிடம் உள்ள ஐயமும் அதுவேதான். வீட்டுக்கு வருகிறார், நல்லவராக இருக்கிறார், கடைசியில் மதம் மாறச் சொல்வாரோ? ஆவணத்தின் தலைப்பிலேயே ‘அறிவிப்பு’, அதாவது நற்செய்தியை அறிவிப்பது, சேர்ந்து நிற்கும்போது அந்த ஐயத்தைக் குற்றம் சொல்ல முடியாது. அதை ஊட்டி வளர்க்கும் சொல்லை நீங்களே எடுக்க வேண்டாம்.

வள்ளுவரிடம் ஒரு சொல் இருக்கிறது.

‘அளவளா வில்லாதான் வாழ்க்கை குளவளாக்
கோடின்றி நீர்நிறைந் தற்று.’

அளவளாவுதலுக்கு நெஞ்சு கலத்தல் என்று பரிமேலழகர் உரை. பேசியும் கலக்கலாம், பேசாமலும் கலக்கலாம். குறளில் வரும் குளக்கரையையும் விட்டுவிடாதீர்கள். கரை இருந்தால்தான் நீர் நிற்கும். தன் சமயத்தில் ஊன்றி நிற்காதவன் பிறரோடு எதைப் பகிர்வான்? ‘வாழ்வில் அளவளாவல்’ என்று வையுங்கள்.

சி.

—

சி. ஐயா, உங்கள் மடலை மூன்று முறை படித்தேன். ‘உறவாடிக் கெடுத்தல்’ எனக்குத் தோன்றவே இல்லை. உள்ளே இருந்து எழுதுகிறவருக்குத் தோன்றாது போலும்.

ஆவணத்தின் நிலையை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். உரையாடலும் அறிவிப்பும் இரண்டுமே திருச்சபையின் பணி, ஒன்றோடொன்று நெருங்கியவை, ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வைக்க முடியாது என்கிறது. உரையாடலை மதமாற்றத்துக்குப் படியாக்கக் கூடாது என்பதைப் பாடத்தில் தனியாக எழுதுகிறேன். ஆனாலும் சொல்லே ஐயத்தைக் கிளப்பினால் விளக்கம் எடுபடுமா?

அளவளாவலில் எனக்குத் தயக்கம் ஒன்றுதான். இன்று செய்திகளில் தலைவர்கள் விருந்தில் ‘அளவளாவினர்’ என்கிறார்கள். சாவு வீட்டில் யாரும் அளவளாவுவதில்லை.

ஆ.மெ.

—

சொல் புரியாது என்ற அச்சத்துக்கு ஒரு வார்த்தை. பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு ஆயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று, இஸ்பிரீத்து சாந்து தூய ஆவி ஆயிற்று. முதலில் யாருக்குப் புரிந்தது? சொல்லிச் சொல்லித்தான் பழகியது. இன்றும் வீட்டில் ‘பூசைக்குப் போகிறோம்’ என்பார்கள், ஏட்டில் திருப்பலி. இரண்டும் சேர்ந்தே வாழ்கின்றன. எனவே எளிமையைக் காட்டி ஊடுரையைத் தள்ளாதீர்கள்.

‘ஆடு’ என்ற துணைவினையைப் பற்றியும் ஒருவரும் பேசவில்லை. வாதாடு, போராடு, கொண்டாடு, மன்றாடு: திரும்பத் திரும்ப, தோய்ந்து செய்வது. திருப்பலியில் நீங்கள் சொல்லும் மன்றாட்டுகூட மன்றில் நின்று முறையிடுவதுதான். மன்று என்றதும் மணிமேகலையின் விழாவறை காதை நினைவுக்கு வருகிறது. சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறச் சொல்லி முரசறைகிறவன், அடுத்த மூச்சில் ‘பற்றா மாக்கள் தம்முட னாயினும் செற்றமும் கலாமும் செய்யா தகலுமின்’ என்கிறான். பகைவரோடுகூடச் சினமும் பூசலும் வேண்டாம், விலகிப் போய்விடுங்கள் என்று. பட்டிமண்டபம் என்ற சொல்லையே மீட்டால் என்ன?

நா.க.

—

ஐயா, பட்டிமன்றம் என்றால் இன்று தீர்ப்புச் சொல்ல நடுவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். இதில் நடுவர் கிடையாது. அதனால்தானே இது கடினம்?

தெ.

—

வியாழன் இரவு. இனி நீட்டிக்க முடியாது.

தலைப்பு: பல்சமய உரையாடல். உள்ளே: வாழ்வில் உறவாடல், செயலில் கூட்டுழைப்பு, இறையியல் கருத்துப் பரிமாற்றம், ஆன்ம அனுபவப் பகிர்வு. தனிமடல்களையும் சேர்த்து உறவாடலுக்கு ஐவர், அளவளாவலுக்கு இருவர், ஊடுரைக்கு ஒருவர். நான்கிலும் ‘உரையாடல்’ ஒரே சொல்லாக ஓடாதது குறைதான், தெரிகிறது. சி. ஐயாவின் தடையை அப்படியே அடிக்குறிப்பாக வைத்திருக்கிறேன், ‘உறவாடிக் கெடுத்தல்’ உட்பட. ஆசிரியர்கள் அதைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போகட்டும்.

ஆ.மெ.

—

அடிக்குறிப்புக்கு நன்றி அம்மா. வாக்கெடுப்பை ஏற்கிறேன், சொல்லை ஏற்கவில்லை. அடுத்த பதிப்பின்போது எழுதுங்கள், மறுபடியும் அளவளாவலோடு வருவேன். சாவு வீட்டுக்கு அது ஒட்டாது என்பது உண்மை. அதற்கும் ஒரு சொல் இருக்க வேண்டும், தேடுகிறேன்.

சி.