நினைவகம் ஒதுக்கும் இடத்தில் விழும் லினக்ஸ் கெர்னல்: ரேம் பழுதா, நிரல் பிழையா?

கேள்வி

வணக்கம். எங்கள் சிறு அலுவலகத்தின் கோப்புச் சர்வரை நான் பராமரிக்கிறேன். டெபியன் 12 லினக்ஸ், அதன் மையநிரலான கெர்னல் 6.1, பிழைகளைத் தானே திருத்தும் இசிசி வசதி இல்லாத 32 ஜிபி ரேம். இரண்டு வாரங்களாக, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கெர்னல் விழுந்து இயந்திரம் நின்றுவிடுகிறது. பதிவில் எப்போதும் ‘ஜெனரல் புரொடெக்‌ஷன் ஃபால்ட்’ என்ற (தவறான நினைவக அணுகலைக் குறிக்கும்) வரியும், அதன் கீழே நினைவகம் ஒதுக்கும் கேமல்லாக் செயற்கூறும் இருக்கின்றன. ஆனால் அப்போது ஓடிக்கொண்டிருந்த நிரல் ஒருநாள் சாம்பா, ஒருநாள் கிரான், இன்னொரு நாள் பாஷ். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டதில் பிழை எதுவும் வரவில்லை. ஒதுக்கீட்டுப் பகுதியிலேயே பிழை இருப்பதாகக் கருதி, கெர்னல் பதிப்பை மாற்ற நினைக்கிறேன். சரிதானா?

மறுமொழி 1

சற்றுப் பொறுங்கள். நீங்கள் பார்ப்பது கெர்னல் விழுந்த இடம்; கெடுத்தது வேறு யாரோ. கெர்னலில் நினைவகத்தைத் துண்டுகளாகப் பிரித்துத் தரும் ஸ்லப் ஒதுக்கி, அடுத்த காலித் துண்டின் முகவரியை விடுவிக்கப்பட்ட துண்டுக்குள்ளேயே எழுதி வைக்கிறது. ஒரு துண்டை விடுவித்த பிறகும் பழைய சுட்டியை (அத்துண்டின் முகவரியை) வைத்துக்கொண்டு கெர்னலின் ஏதோ ஒரு பகுதி அதில் எழுதினால் அந்த முகவரி கெட்டுப்போகும். பிறகு அதே அளவுத் துண்டைக் கேட்டு வரும் நிரல், எந்தத் தவறும் செய்யாமலே, மாட்டிக்கொள்ளும். நிரலின் பெயர் ஒவ்வொரு முறையும் மாறுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

பதிவில் ‘டெயின்டட்’ (கெர்னலின் இயல்பு நிலை மாறியதைக் காட்டும் குறி) என்ற சொல்லை அடுத்து என்ன எழுத்துகள் உள்ளன என்று பாருங்கள். கெர்னலின் துவக்க வரியில், ஒதுக்கியைச் சோதிக்க உதவும் ஸ்லப் டீபக் அளவுருவை எஃப், இசட், பி (P), யு என்ற நான்கு எழுத்துகளோடு சேருங்கள். ‘பி’ இருந்தால், விடுவிக்கப்பட்ட துண்டைப் பதினறும எண் 6பி (6B) கொண்டு நிரப்பி, மீண்டும் ஒதுக்கும்போது அது மாறியிருக்கிறதா என்று கெர்னல் சோதிக்கும். ‘யு’ இருந்தால், அதைக் கடைசியாக ஒதுக்கியதும் விடுவித்ததும் எந்தச் செயற்கூறு என்பது பதிவாகும். வேகம் குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

‘டெயின்டட்’டை அடுத்து ‘ஓ’ என்ற எழுத்து இருக்கிறது. நான்கு நாளில் மூன்று முறை ‘பாய்சன் ஓவர்ரிட்டன்’ (நிரப்பிய 6பி மாற்றப்பட்டிருக்கிறது) என்று வந்தது. ஆனால் கெர்னல் அதைத் தானே சரிசெய்துகொண்டு தொடர்ந்து ஓடியது. மூன்றும் வெவ்வேறு முகவரிகளில் உள்ள 256 பைட் துண்டுகள். தொடக்கத்திலிருந்து 128 பைட் தள்ளி, 6பி இருக்க வேண்டிய இடத்தில் 6ஏ இருக்கிறது. ஒரே ஒரு பிட் மாறியிருப்பதால் ரேம் பழுது என்று கொள்ளலாமா?

மறுமொழி 2

கொள்ள வேண்டாம். 6பி என்பதில் கடைசி பிட் அணைந்தாலும் 6ஏ வரும், ஒன்றைக் கழித்தாலும் 6ஏ வரும். அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. ரேமில் ஒரு செல் பழுதென்றால் தவறு ஒரே பௌதிக முகவரியில் திரும்பத் திரும்ப வந்திருக்கும். உங்களுக்கோ முகவரி மாறுகிறது, துண்டுக்குள் உள்ள இடம் மட்டும் மாறவில்லை. விடுவிக்கப்பட்ட ஒரு பொருளின் ரெஃபரன்ஸ் கவுண்ட்டை (அதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கையை) யாரோ ஒன்று குறைக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைப்பது அரிது.

இன்னொன்றும் பொருந்துகிறது. கெர்னல் 5.7 முதல், அடுத்த காலித் துண்டின் முகவரி, விடுவிக்கப்பட்ட துண்டின் தொடக்கத்தில் அல்லாமல் நடுவில் வைக்கப்படுகிறது. 256 பைட் துண்டில் அந்த இடம் சரியாக 128. டீபக் இல்லாத நாட்களில் அந்தக் கழித்தல் விழுந்தது இந்த முகவரியின் மேல்தான்.

‘ஓ’ என்பது கெர்னலோடு வராத மாட்யூல் (தனியே ஏற்றும் நிரல் பகுதி) ஏற்றப்பட்டிருப்பதைக் காட்டும். அறிக்கையில் ‘ஃப்ரீட் இன்’ (விடுவித்த செயற்கூறு) என்ற வரியில் யார் இருக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர்

மூன்று முறையும் நெட்வொர்க் அட்டையின் டிரைவர்தான்; அட்டைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்து நானே நிறுவியது. அதை நீக்கிவிட்டு, கெர்னலோடு வரும் டிரைவரைப் போட்டிருக்கிறேன். டீபக்கை இன்னும் எடுக்கவில்லை. 12 நாட்களாகப் பதிவு சுத்தமாக இருக்கிறது.

மறுமொழி 2

நல்லது. ஆனால் அந்த வரி விடுவித்தவரைத்தான் காட்டும், பிறகு எழுதியவரை அன்று. தயாரிப்பாளருக்குப் பிழை அறிக்கை அனுப்புவதானால், 4.0 பதிப்பிலிருந்து கெர்னலில் உள்ள, நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேசான் கருவியை இயக்கி, பழைய டிரைவரை ஒரு சோதனை இயந்திரத்தில் ஓட்டிப் பாருங்கள். கெர்னலைப் புதிதாகக் கம்பைல் செய்ய வேண்டும், நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கும் போய்விடும். ஆனாலும் தவறாக எழுதும் அந்தக் கணத்திலேயே எழுதிய செயற்கூறின் பெயர் கிடைத்துவிடும்.