மகனுக்கு ஃபிரடெர்னிட்டியிலிருந்து 'பிட்' வந்திருக்கிறது: ஆள் சேர்ப்பு எப்படி நடக்கிறது?

வாய்க்கால்கரை (கோபிச்செட்டிபாளையம்):

அனைவருக்கும் வணக்கம். என் மகன் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "அப்பா, எனக்கு பிட் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், பருவத்துக்கு 700 டாலர் கட்ட வேண்டும்" என்றான். நான் படித்த காலத்தில் பிட் என்றால் தேர்வறைக்குள் மடித்துக்கொண்டு போகும் துண்டுச் சீட்டு. அதனால் முதலில் பயந்தே போனேன். பிறகுதான் அது ஃபிரடெர்னிட்டி என்ற மாணவர் சங்கத்தில் சேரச் சொல்லி வரும் அழைப்பு என்று விளக்கினான்.

இந்தச் சங்கங்கள் யாரை, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கின்றன, சேர்ந்த பிறகு என்ன நடக்கிறது, மாணவர் விசாவில் இருப்பவன் சேரலாமா என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். ராகிங் போல ஏதோ உண்டு என்று அவன் அம்மா கேள்விப்பட்டிருக்கிறாள். இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

சரவணம்பட்டிக்காரன்:

ஐயாவுக்கு வணக்கம். நான் அங்கே இளநிலை படித்தபோது மூன்று ஆண்டுகள் இப்படி ஒரு சங்கத்தில் இருந்தேன். இரண்டு பருவங்கள் ஆள் சேர்க்கும் வேலையையும் பார்த்தேன். கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட இச்சங்கங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்றான கப்பா ஆல்ஃபா, நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் 1825-இல் தொடங்கியது. வெள்ளையர்கள் தங்கள் சங்கங்களில் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் கறுப்பின மாணவர்கள் 1906-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். நம்மைப் போன்ற தெற்காசியப் பிள்ளைகளும் 1998-இல் ஆஸ்டினில் டெல்டா எப்சிலான் சையைத் தொடங்கினார்கள். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சகோதரர் என்றே அழைப்பார்கள். நம் பக்கத்தில் பங்காளி பிறப்பால் வருகிறான். அங்கே வாக்கெடுப்பால் வருகிறான்.

பருவம் தொடங்கிய முதல் சில வாரங்களில் நடக்கும் ஆள் சேர்ப்புக்கு ரஷ் என்று பெயர். முதலில் யார் வேண்டுமானாலும் வரலாம்: பீட்சா இருக்கும், கூடைப்பந்து இருக்கும், பார்ப்பதற்கு வெறும் பொழுதுபோக்காகவே தெரியும், ஆனால் வந்தவன் யாரோடு என்ன பேசினான் என்பதைப் பழைய உறுப்பினர்கள் மனத்தில் குறித்துக்கொண்டே இருப்பார்கள். அடுத்த சில நிகழ்ச்சிகளுக்குக் குறிப்பிட்டவர்களை மட்டும் அழைப்பார்கள். கடைசி இரவு எங்கள் சங்க வீட்டின் கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவோம். திரையில் ஒவ்வொரு பையனின் படமாக வரும், அவனோடு பேசியவர்கள் எழுந்து இரண்டு வார்த்தை சொல்வார்கள், பிறகு கைதூக்கல். மதிப்பெண் குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருந்தால் போதும், அதற்கப்பால் அதைப் பற்றி யாரும் பேசியதே இல்லை. "நல்ல பையன், ஆனால் தானாக வந்து பேசவில்லை" என்ற ஒரே வரியில் கழிந்துபோன ஒருவன் பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன். யாராவது அறிமுகப்படுத்தி வைக்கட்டும் என்று சுவரோரமாகவே நின்றான். நம் வீட்டு விசேஷங்களில் பிள்ளைகளை அப்படித்தானே நிற்கப் பழக்கியிருக்கிறோம்! அன்று அவனுக்காக நானும் எழுந்து பேசவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

தேர்வானவனுக்கு வருவதுதான் பிட். அதை ஏற்றுக்கொண்டவுடன் முழு உறுப்பினராகிவிட முடியாது. சில வாரங்கள் பிளெட்ஜ் என்ற நிலையில் இருந்து, சங்கத்தின் வரலாற்றையும் மற்றவர்களின் பெயர்களையும் கற்று, ஒரு மூத்தவரின் பொறுப்பில் நடந்து, கடைசியில் ரகசியச் சடங்கு ஒன்றின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அம்மா கேள்விப்பட்ட ராகிங் (அங்கே அதை ஹேஸிங் என்பார்கள்) பெரும்பாலும் இந்த இடைக்காலத்தில்தான் நடக்கிறது.

பிட் கையில் இருக்கும்வரை தேர்ந்தெடுக்கும் உரிமை உங்கள் மகனுக்கும் உண்டு. மாப்பிள்ளை வீட்டை விசேஷமில்லாத நாளில் போய்ப் பார்க்க வேண்டும் என்பார்களே, அதுபோல நிகழ்ச்சி எதுவும் இல்லாத ஒரு மாலையில் அந்த வீட்டுக்கு அவனைப் போகச் சொல்லுங்கள்.

நொய்யல்:

எம்.எஸ். படிக்கப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இத்தகைய சங்கங்கள் பெரும்பாலும் இளநிலை மாணவர்களுக்கானவை. டௌ பீட்டா பை போன்றவற்றிலிருந்து கடிதம் வந்தால் குழம்ப வேண்டாம். பெயர் கிரேக்கமாக இருந்தாலும் அது 1885-இல் தொடங்கிய, படிப்புத் தகுதியைப் பார்த்து அழைக்கும் பொறியியல் மாணவர் சங்கம். அங்கே ரஷ்ஷும் இல்லை, சங்க வீடும் இல்லை.

பவானிக்கூடல் (வழக்கறிஞர், ஈரோடு):

அண்ணா, அண்ணியின் பயத்தை வெறும் பயம் என்று தள்ளிவிட வேண்டாம். 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், பிட்டை ஏற்றுக்கொண்ட அதே இரவில் அளவுக்கு மீறிக் குடிக்க வைக்கப்பட்ட 19 வயது மாணவர் மாடிப்படியில் விழுந்தார். பல மணி நேரம் யாரும் உதவிக்கு ஆள் அழைக்காமல் விட்டதில் இறந்தார். அதன் பிறகு அந்த மாநிலம் 2018-இல் ஹேஸிங் சட்டத்தைக் கடுமையாக்கியது. நம் மாநிலத்திலும் ஒரு மருத்துவ மாணவரின் கொலைக்குப் பிறகுதான் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டாண்டு வரை சிறை என்று அதில் இருக்கிறது.

உங்களுக்கு உடனே பயன்படக்கூடியது, 2024 டிசம்பரில் அங்கே கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம். எந்த மாணவர் அமைப்பு ஹேஸிங்கில் விதிமீறியது என்று கண்டறியப்பட்டதோ, அதைப் பெயருடன் பல்கலைக்கழகங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்கிறது அது. மகனின் பல்கலைக்கழகத்துப் பட்டியலில் அந்தச் சங்கம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் சேர்வதற்குத் தடை இல்லை. ஆனால் எடுக்கும் பாடங்களின் அளவு பருவத்துக்கு 12 கிரெடிட்டுக்குக் குறையக் கூடாது. மது அருந்தும் வயது அங்கே 21. காவல்துறை வழக்கு என்று வந்தால் உள்ளூர்ப் பையனுக்கு அபராதத்தோடு போவது, நம் பிள்ளைக்கு விசா வரை வரலாம்.

வாய்க்கால்கரை:

மூவருக்கும் நன்றி. பட்டியலைப் பார்த்தோம்; அந்தச் சங்கத்தின் பெயர் அதில் இல்லை. செவ்வாய்க்கிழமை மாலை மகன் சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறான். அடுப்படியில் ஒரே ஒரு பையன் முட்டை பொரித்துக்கொண்டு நின்றானாம்; கழுவாத தட்டுகளை ஒதுக்கி இடம் செய்து கொடுத்து, அரைமணி நேரம் பேசினானாம். 700 டாலரில் எது எதற்கு எவ்வளவு என்ற தாளை அவனே எடுத்துக் கொடுத்திருக்கிறான். பிளெட்ஜ் காலம் எத்தனை வாரம், இரவில் எத்தனை மணி வரை என்று மின்னஞ்சலில் கேட்கச் சொன்னேன். அதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருக்கிறது. பதில் வந்த பிறகே பணம் அனுப்புவேன் என்று சொல்லியிருக்கிறேன்.