ஆக்டோபஸுக்கும் கடல்குதிரைக்கும் உயிர் இரை: கட்டுப்படியாகிற வழி உண்டா?

அலைவாசல் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. 250 லிட்டர் தொட்டியில் ஒரு ஆக்டோபஸ் இருக்கிறது. கைகளை விட்டுவிட்டால் உடல்பை மட்டும் 6 செ.மீ. நீளம். வேறு தொட்டிகளில் ஒரு ஜோடி கடல்குதிரையும் ஒரு லயன் மீனும் உண்டு. ஆக்டோபஸ் உயிருள்ள நண்டைத் தவிர எதையும் சீண்டுவதில்லை. அலங்காரத்துக்கு விற்கும் நண்டை வாங்கித் தினமும் தீனியாகப் போட்டால் கட்டுப்படியாகாது.

மலிவாக உயிர் இரை எங்கே கிடைக்கும்? வீட்டில் எதை வளர்க்கலாம்? தீனிக்கென்றே விற்கும் தங்கமீன், கண்ணாடி இறால் கொடுக்கலாமா? கடல்குதிரைக்கு அன்றன்று பொரித்த ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் நுண்ணிய இறால் போன்ற உயிர்) மட்டும் போதுமா?

பாறைநண்டு

ஒரு நண்டு என்ன விலை என்று பார்க்காதீர்கள். வாங்கியதில் எத்தனை ஆக்டோபஸின் வாய்க்குப் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். 20 வாங்கி வாளியில் போட்டு, விடிவதற்குள் 12 செத்தால் மிச்சமுள்ள ஒவ்வொன்றின் விலையும் இரண்டரை மடங்கு. உயிர் இரையில் பணம் கரைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வாங்குவதற்குத் தூண்டில் இரை விற்பவர்களையும், உயிரோடு கடலுணவு விற்கும் சந்தையையும் முதலில் விசாரியுங்கள். அலங்கார மீன்கடை கடைசி. அங்கே வாங்கினால் தொட்டியில் மீன் நோய்க்கான செம்பு மருந்து போட்டார்களா என்று கேட்காமல் வாங்காதீர்கள். ஆக்டோபஸின் ரத்தமே செம்பை வைத்துத்தான் ஆக்சிஜனைச் சுமக்கிறது. ஆனால் நீரில் கரைந்த செம்பு அதற்கு நஞ்சு. இரை வந்த நீரை எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் தொட்டியில் ஊற்றக் கூடாது. கரையில் நீங்களே பிடிப்பதானால் அந்த இடத்து அனுமதி விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். துறைமுகம், சாக்கடை வாய், வயல் வடிகால் பக்கம் வேண்டாம். மிஞ்சியதைத் திரும்பக் கடலிலோ ஓடையிலோ விடவும் கூடாது. நோயும் வேற்றினமும் அப்படித்தான் பரவுகின்றன.

இனி சேமிப்பு. சேற்றுக் கரையில் வளை தோண்டி வாழும் ஃபிட்லர் நண்டு முழு நேரமும் தண்ணீருக்குள் இருக்கும் உயிரல்ல. தேங்கிய ஆழமான நீரில் போட்டால் மூச்சுமுட்டிச் சாகும். பெரிய பிளாஸ்டிக் பெட்டியைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். ஒரு பக்கம் 2–3 செ.மீ. உவர்நீர் (உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.010 வாக்கில்), மறுபக்கம் ஈரமணல். பிவிசி குழாயைத் துண்டு துண்டாக நறுக்கி நிறையப் போடுங்கள். தோலுரித்த நண்டுக்கு ஒளிய இடமில்லை என்றால் மற்றவை அதைத் தின்றுவிடும். நீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும், காற்றுத் துளைகளோடு.

பாறையிடுக்கில் வாழும் கரைநண்டுக்கு வேறு முறை. அதை ஈரக் கடற்பாசியிலோ நனைத்த சாக்கிலோ பொதிந்து குளிர்ந்த நிழலில் வைத்தால், வாளி நீரில் இருப்பதைவிட அதிக நேரம் தாங்கும். செவுள் ஈரமாக இருக்கும்வரை காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். வாளி நீரிலோ உள்ள ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துபோகும். அதன் கழிவே அதைக் கொல்லும்.

உங்கள் ஆக்டோபஸுக்கு ஓடு 2–3 செ.மீ. அகலமுள்ள நண்டு சரி. அதைவிடப் பெரிதென்றால் கொடுக்கின் அசையும் விரலை நறுக்கிவிட்டுப் போடுங்கள். கைநுனியை நண்டு கவ்வினால் புண்ணாகும்.

தங்கமீன் வேண்டவே வேண்டாம். அதன் உடலிலுள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைக்கிறது. கடல் உயிர்களுக்குத் தேவையான ஈபிஏ, டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பமிலங்களும் அதில் குறைவு. லயன் மீன் அதையே தின்றுகொண்டிருந்தால் பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். உயிர்மீன்தான் வேண்டும் என்றால் மோலி என்ற சிறு நன்னீர் மீன் நல்லது. 6–8 மணி நேரம் சொட்டுச் சொட்டாகக் கடல்நீர் கலந்து பழக்கினால் கடல்நீரிலேயே வாழ்ந்து குட்டி போடும்.

கண்ணாடி இறால் என்ற பெயரில் விற்பது ஒரே இனமல்ல. நன்னீர் இனம் கடல்நீரில் நிலைக்காது. ஒவ்வொன்றாகப் போட்டு, பிடிக்கிறதா என்று நின்று பாருங்கள். மொத்தமாகக் கொட்டினால் பாறையிடுக்கில் செத்து நாறும். உவர்நீர் இனமென்றால் தொட்டியிலேயே உலவும். ஆக்டோபஸ் பசித்தபோது பிடித்துக்கொள்ளும்.

கடல்லாயம்

கடல்குதிரைப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். பொரித்த ஆர்டீமியா அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. குட்டிகளுக்கு அதுதான் உணவு. வளர்ந்த குதிரைக்கு அது தூசி.

பொரிக்க: தலைகீழாகக் கவிழ்த்த பாட்டில், 1 லிட்டர் நீருக்கு 25–30 கிராம் கடலுப்பு, 1 கிராம் முட்டை, 26–28 டிகிரி வெப்பம், மேலே விளக்கு, அடியிலிருந்து பலமான காற்று. 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும். அடியில் வெளிச்சம் காட்டி, திரண்டு வருவதை மட்டும் குழாயில் இறக்குங்கள். ஓடு கலந்து போனால் குட்டிகளின் குடலை அடைக்கும்.

ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. பொரிந்த உடனே ஆர்டீமியாவுக்கு வாய் திறந்திருக்காது. முதல் தோலுரித்த பிறகுதான், ஏறக்குறைய 8 மணி நேரம் கழித்து, தின்னத் தொடங்கும். சத்தூட்டும் திரவத்தை அதற்கு முன் ஊற்றினால் நீர்தான் கெடும். கொடுத்தால் உடனே கொடுங்கள், முட்டையின் மஞ்சள்சத்து மிச்சமிருக்கும். இல்லையென்றால் வாய் திறக்கும்வரை பொறுத்துச் சத்தூட்டிக் கொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் பட்டினி கிடக்கும் ஆர்டீமியாவில் சத்து குறைந்துகொண்டே போகும்.

வளர்ந்த ஆர்டீமியா வேண்டுமானால் 20 லிட்டர் தொட்டி போதும். காற்றைப் பொடிக் குமிழியாக்கும் ஏர் ஸ்டோனைக் கழற்றிவிட்டு வெறும் குழாயில் பெரிய குமிழியாக விடுங்கள். நுண்குமிழிகள் உடலில் சிக்கி அவற்றை மேலே தூக்கிவிடும். ஸ்பைருலினா பொடியைக் கரைத்து, நீர் இலேசாகக் கலங்கும் அளவுக்கு மட்டும் ஊற்ற வேண்டும். தெளிந்த பிறகே அடுத்த வேளை. இரண்டு மூன்று வாரத்தில் சென்டிமீட்டரை நெருங்கும்.

கடல்குதிரையின் அன்றாட உணவுக்கு உறைந்த மைசிட்தான் (இறால் போன்ற சிறு உயிர்) சரி. மைசிட்டை வீட்டில் வளர்த்து மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அதற்கே தினம் இருவேளை ஆர்டீமியா வேண்டும்; பெரியவை குட்டிகளைத் தின்னும், வலைபோட்டுப் பிரிக்க வேண்டும். வேலையும் செலவும் இரட்டிப்பு.

ஆம்பிபாட் (பாசியில் வாழும் சிறு ஓட்டுடலி) அப்படியல்ல. 40 லிட்டர் டப்பா, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு பந்து கீட்டோ பாசி (நூல் பந்தாகச் சிக்கி வளரும் கடற்பாசி), அடியில் சுருட்டிய பிளாஸ்டிக் வலை. வாரம் இருமுறை ஒரு சிட்டிகை மீன் தீனி. அதிகம் போட்டால் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்து எல்லாம் போகும். முதல் ஒரு மாதம் கை வைக்காமல் விட்டுவிட்டு, பிறகு வலையை வெளியே எடுத்து உதறினால் அன்றைய இரை கிடைத்துவிடும். கடல்குதிரை விரும்பித் தின்னும். முட்டையிலிருந்து வந்ததும் தரையில் நடமாடும் ஆக்டோபஸ் குஞ்சுகளுக்கும் இது உதவும்.

அலைவாசல்

நன்றி. ஆக்டோபஸுக்கு உரித்த இறால் துண்டு போட்டுப் பார்த்தாயிற்று. கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊதித் தள்ளிவிடுகிறது. இதைச் செத்த இரைக்குப் பழக்க முடியுமா?

பாறைநண்டு

பெரும்பாலானவை பழகும். உங்கள் செலவைப் பாதிக்கு மேல் குறைக்கப் போவதும் இதுதான். உரித்த இறாலைச் சும்மா போட்டால் அதற்கு அது குப்பை. ஓட்டோடும் தலையோடும் கொடுங்கள்.

ஒருநாள் தீனி நிறுத்துங்கள், ஆரோக்கியமான ஆக்டோபஸுக்கு ஒன்றும் ஆகாது. மாலையில் விளக்கை மங்கவிட்டு, அப்போதுதான் கொன்ற நண்டை முனை மழுங்கிய அக்ரிலிக் குச்சியில் செருகி நீட்டுங்கள். கண்ணுக்கு நேரே வேண்டாம். உறிஞ்சிகள் உள்ள பக்கம் படவேண்டும், அதற்குச் சுவை தெரிவது அங்கேதான். பிடித்ததும் மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். இரை தப்பப் பார்க்கிறது என்று இறுக்கிப் பிடிக்கும். உதறிவிட்டால் அரைமணி கழித்து இன்னொரு முறை, அவ்வளவுதான். செத்த நண்டு பழகியதும் நண்டுக்கால், அடுத்து ஓட்டோடு இறால், கடைசியில் உறைய வைத்து இளக்கிய இறால். ஒரு படியில் நின்றுவிட்டால் முந்திய படிக்குப் போய் மறுபடி வாருங்கள்.

புதிதாக வந்ததிடம் இதைத் தொடங்க வேண்டாம். வளைக்குள் அடங்கிச் சாப்பிட ஆரம்பிக்கட்டும். முட்டையிட்ட பெண் தின்ன மறுத்தால் அது இரையின் குற்றமல்ல. அடைகாக்கும்போது அப்படித்தான் இருக்கும்.

பழகிய பிறகும் வாரம் ஒன்றிரண்டு உயிர் நண்டு போடுங்கள். வேட்டையாட ஏதாவது இல்லாவிட்டால் அது தொட்டியின் மூடியைத் திறப்பதில் கவனம் செலுத்தும்.

மட்டிக்காரன்

விட்டுப்போன இரண்டு. உணவுக்கு விற்கும் இறாலில் ஓடு கறுக்காமல் இருக்க மெட்டாபைசல்ஃபைட் தெளிப்பதுண்டு. எடை கூட்டப் பாலிபாஸ்பேட்டில் ஊறவைப்பதும் உண்டு. பொட்டலத்தில் உட்பொருள் பட்டியலைப் படித்து, இறாலைத் தவிர வேறெதுவும் எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். வேகவைத்ததும் வேண்டாம். ஒருவேளை அளவாகத் தட்டையாகப் பிரித்து உறையவைத்து, இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

அடுத்தது மட்டி. உயிரோடு மலிவாகக் கிடைப்பதில் இதற்கு ஈடில்லை; ஆக்டோபஸ் இழுத்துத் திறக்கும், முடியாவிட்டால் ஓட்டில் துளை போட்டு நஞ்சைச் செலுத்தும். ஃபிரிட்ஜில் ஈரத்துணி போர்த்தி வையுங்கள், நீரில் மூழ்க வைக்காதீர்கள். தட்டினால் மூடாத மட்டி செத்தது. தொட்டியில் ஒரு நேரத்தில் இரண்டுக்கு மேல் போட வேண்டாம். மணலுக்குள் புதைந்து செத்தால் கண்ணுக்குத் தெரியாது, அம்மோனியா ஏறிய பிறகுதான் தெரியவரும். ஆக்டோபஸ் ஏற்கெனவே அதே எடையுள்ள மீனைவிட அதிகக் கழிவு விடுகிற உயிர். போட்ட மட்டியை எண்ணி வைத்து, மறுநாள் காலி ஓட்டையும் எண்ணி எடுங்கள். கணக்கு உதைத்தால் மணலைக் கிளறிப் பாருங்கள்.